ஒற்றைப்படை

ஜூலை 8, திங்கள்

"அவகிட்ட ஏன் டீச்சர் யாருமே பேச மாட்டேங்குதுவ?"

இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று அந்த அம்மாவிடம் சொல்லவும் இல்லை. "விசாரிக்கிறேன்" என்றேன். இருபத்திரண்டு வருட ஆசிரியப் பணியில் பதில் தெரியாத எல்லாக் கேள்விகளுக்கும் நான் சொல்வது அதுதான்.

கேட்டவர் ஜெனிஷாவின் அம்மா. ஜெனிஷா போன வருடம் நாகர்கோவிலிலிருந்து வந்து எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ந்தவள். அப்பாவுக்கு ரயில்வேயில் மதுரைக்கு மாற்றல். மற்றப் பெண்கள் எல்லாம் எல்.கே.ஜி.யிலிருந்து ஒரே வகுப்பில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள். இவள் யாரிடமும் சண்டை போட்டதில்லை, யாரையும் மாட்டிவிட்டதில்லை. காரணம் என்று ஒன்று இருந்தால் சரிசெய்துவிடலாம். இங்கே காரணமே இல்லை.

அவளுக்கு ஊருக்கே திரும்பிப் போய் ஹாஸ்டலில் தங்கிப் பிளஸ் டூ முடிக்க ஆசையாம். தலைமையாசிரியை, "இந்த வாரம் கேம்ப் இருக்கு. போயிட்டு வரட்டும். அப்பறமும் வேணும்னா டி.சி. தர்றோம்" என்றிருக்கிறார். அந்த அம்மா அடுத்த திங்கட்கிழமை விண்ணப்பத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கேம்ப்புக்குப் பொறுப்பு நான். வழக்கமாகப் போகும் கணக்கு ஆசிரியைக்கு மகள் கல்யாணம். "உங்களுக்கு வீட்ல ஒண்ணும் தொந்தரவு இல்லையே சாருமதி மிஸ்" என்று கேட்டார் தலைமையாசிரியை. இல்லை என்றேன்.

ஜூலை 9, செவ்வாய்

பால் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். முழங்கால் உறை, மூக்குப்பொடி (அட்டைக்கு), இரண்டு டார்ச். சாவியை யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை, செடி எதுவும் வளர்க்கவில்லை.

கேம்ப் நடத்துபவர்கள் அனுப்பிய தாளைப் படித்தேன். "ஐந்தே நாட்களில் ஆயுள் முழுவதற்குமான நட்பு" என்று போட்டிருக்கிறது. பௌதிகம் படித்தவர்களுக்கு இப்படி எழுதத் துணிவு வராது.

ஜூலை 10, புதன். தாண்டிக்குடி

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் பேருந்தில் பாட்டு நின்று வாந்தி தொடங்கியது. பி.டி. ஆசிரியை லில்லி மிஸ் எலுமிச்சம்பழமும் கையுமாக முன்னும் பின்னும் ஓடினார். இருக்கை எல்லாமே இருவர் அமர்வது. ஜெனிஷா கடைசிக்கு முந்திய இருக்கையில் ஜன்னலோரம் இருந்தாள். அவள் பக்கத்தில் யாரோ பைகளை அடுக்கியிருந்தார்கள்.

காப்பித் தோட்டத்துக்கு நடுவே ஒரு சரிவு. கூடாரங்கள், தகரக் கூரை போட்ட சமையலறை, ஒரு நீளமான பாறை. பிரதாப் என்ற இளைஞர்தான் முகாமை நடத்துகிறார். வந்ததும் எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்தார்.

"ஆளுக்கு ஒரு ஜோடி பிடிச்சுக்கங்க. அஞ்சு நாளும் அதே ஜோடிதான். ஒருத்தர் ஏறினா இன்னொருத்தர் கயிறு பிடிக்கணும். ஒருத்தர் தொலைஞ்சா இன்னொருத்தரத்தான் கேப்பேன்!"

ஒரு கூச்சல், ஒரு ஓட்டம். அடங்கியபோது பதினான்கு ஜோடிகளும் ஜெனிஷாவும் நின்றார்கள். மொத்தம் இருபத்தொன்பது பேர் என்பதை நான் மதுரையிலேயே யோசித்திருக்க வேண்டும். யோசித்திருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

பிரதாப் என்னைப் பார்த்தார். "மேடம், நீங்க இவங்களுக்கு ஜோடி. ஓகேவா?"

சங்கமித்ரா தன் ஜோடி ரிஸ்வானாவின் காதில் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். சங்கமித்ராதான் வகுப்பின் வாய். யாருடைய குரலிலும் பேசுவாள். என் குரலில் ஓம் விதி நடத்துவாள் என்று கேள்வி.

ஜெனிஷா என்னிடம் வந்து, "மன்னிச்சிருங்க மிஸ்" என்றாள்.

ஜோடி வரிசையிலேயே எல்லாருக்கும் எண் கொடுத்தார்கள். ரிஸ்வானா இருபத்தேழு, சங்கமித்ரா இருபத்தெட்டு, ஜெனிஷா இருபத்தொன்பது. நடக்கும்போது பிரதாப் கை தூக்கினால் ஒவ்வொருவரும் தன் எண்ணைக் கத்த வேண்டும்.

ஜூலை 11, வியாழன்

காலையில் பாறை ஏறினார்கள். நான் கயிறு பிடித்தேன். இடுப்புப் பட்டையை மாட்டிவிட்ட முகாம் பெண், "மேடம், நீங்க கீழ இருந்து விடாம பிடிச்சா போதும். அவங்க விழ மாட்டாங்க" என்றாள். உராய்வு விசை பற்றி வருடத்துக்கு நான்கு வகுப்பு நடத்துகிறேன். உள்ளங்கை வியர்த்தது.

ஜெனிஷா மெல்ல ஏறினாள். பாதியில் நின்று, "மிஸ், பிடிச்சிருக்கியளா?" என்று கேட்டாள்.

"பிடிச்சிருக்கேன். வலது காலை மேலே வை."

"எனக்க கால் எட்டல மிஸ்."

கீழே கூட்டத்திலிருந்து அச்சு அசலாக அதே குரல்: "எனக்க கால் எட்டல மிஸ்!" சங்கமித்ரா. கொல்லென்று சிரிப்பு. "ஏய்!" என்றேன், கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல். ஜெனிஷா மேலே போய்விட்டாள். இறங்கி வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இந்த வகுப்பில் ஒரு வருடம் இருந்தால் யாருக்கும் அந்த முகம் வந்துவிடும்.

மாலையில் சிக்னல் கிடைக்கும் பாறைக்கு எல்லாரும் வரிசையில் போனார்கள். அது ஒரே ஒரு பாறை. "அம்மா, நான் ஏறிட்டேன்மா!", "அட்டை கடிச்சிருச்சுப்பா!" எல்லாரும் முடித்த பிறகு நானும் ஏறினேன். சிலிண்டர் பதிவு செய்தேன்.

ஜூலை 12, வெள்ளி

மழை. எதுவும் நடக்கவில்லை. முழங்கால் வீங்கியிருக்கிறது.

கூடாரத்துக்குள் அடைந்து கிடந்தவர்களைப் பார்த்து வரப் போனேன். ஒரு கூடாரத்தில் ஏழெட்டுப் பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஜெனிஷா தன் கூடாரத்தில் தனியாக, ஈரச் சாக்ஸை லாந்தர் மேல் காட்டி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

சங்கமித்ராவை வெளியே கூப்பிட்டேன். நேராகவே கேட்டேன். "அந்தப் பொண்ணை ஏன் சேர்த்துக்கிறது இல்ல?"

"நாங்க எங்க மிஸ் சேர்க்க மாட்டேன்னோம்?" உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டாள். "வந்த புதுசுல மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டோம். ரெண்டு நாள் வந்தா. அப்பறம் அவ பிசிக்ஸ் லேப்ல உங்ககூடத்தான சாப்பிடுறா? மிஸ்கூட உக்கார்ற பிள்ளைய எப்பிடி மிஸ் கூப்பிடுறது? நீங்க எதுனா நெனச்சுக்குவீங்கன்னு விட்டுட்டோம்."

அவள் லேப்பில் சாப்பிடுவது உண்மைதான். ரெக்கார்டு எழுத வந்தவள், அப்படியே டிபன் பாக்ஸைத் திறந்தாள். எனக்குத் திருத்த வேண்டிய தாள்கள் எப்போதும் இருக்கும். அனுப்பவில்லை. சில நாள் மரச்சீனி மயக்கியது, மரவள்ளிக்கிழங்கு மசியல், கொண்டுவந்து மூடியில் எனக்குக் கொஞ்சம் வைப்பாள். நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

சங்கமித்ராவைப் போகச் சொன்னேன். மழை விடவில்லை. சமையலறைக்குப் போய் வெந்நீர் வாங்கி வந்து காலுக்கு ஒத்தடம் கொடுத்தேன்.

ஜூலை 13, சனி

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். தலைமையாசிரியைக்கு அறிக்கை கொடுக்க வேண்டியவள் நான்.

இன்று நீண்ட நடை. எஸ்டேட் பாதை வழியாக ஓர் ஓடை வரை போய், அங்கே சாப்பிட்டுவிட்டு வருவது. என் காலைப் பார்த்து பிரதாப் என்னை வர வேண்டாம் என்றார். ஜெனிஷாவை ரிஸ்வானா, சங்கமித்ரா ஜோடியோடு மூன்றாவதாகப் போகச் சொன்னேன். சங்கமித்ரா, "சரி மிஸ்" என்றாள். ஜெனிஷா ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் போன பிறகு துணி துவைத்தேன். மதியத்துக்குள் செய்ய வேறு வேலை இல்லாமல் போயிற்று.

நான்கரை மணி போல மஞ்சு, மலைப்பனி, இறங்கியது. பேச்சுச் சத்தம் கேட்டு வாசலுக்குப் போனேன். பிரதாப் முதலில் வந்தார்.

"எல்லாரும் வந்தாச்சு மேடம். சர்ச் வளைவுல எண்ணினேன். கரெக்டா இருபத்தொன்பது."

நான் எண்ணவில்லை. வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கடைசி ஆள் உள்ளே வருவதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

"ஜெனிஷா எங்கே?"

வரிசையின் கடைசியில் வந்தாக வேண்டியவர் லில்லி மிஸ். மழைத் தூறலுக்குக் குடையை விரித்ததும் பிள்ளைகள் மொய்த்துக்கொள்ள, நடுவுக்கு வந்துவிட்டாராம். "அவ பின்னாடிதான வந்தா, சாருமதி..." என்று திரும்பினார். பின்னால் மஞ்சுதான் இருந்தது.

ரிஸ்வானா அழத் தொடங்கினாள். அவள் முகத்தில் கண்ணாடி இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"என் கண்ணாடி ஓடைக்கிட்ட விழுந்திருச்சு மிஸ். எனக்கு அது இல்லாட்டி ஒண்ணும் தெரியாது. அவ எடுத்துட்டு வர்றேன்னு ஓடுனா. ரெண்டு நிமிஷத்துல வந்துருவேன்னா..."

"அப்ப வளைவுல இருபத்தொன்பது சொன்னது யாரு?" பிரதாப்பின் குரல் உடைந்திருந்தது. "அந்தப் பொண்ணு குரல நான் கேட்டேன். அவங்க குரல்தான்!"

சங்கமித்ரா கையைத் தூக்கினாள், வகுப்பில் தூக்குவதைப் போல.

"ப்ராக்ஸி குடுத்தேன் சார்."

பிரதாப்புக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. வருகைப் பதிவில் வராதவளுக்காகப் பக்கத்து பெஞ்சிலிருந்து "யெஸ் மிஸ்" வரும். நிமிர்ந்து பார்க்காமல் எழுதும் ஆசிரியை இருக்கும்வரை அது வரும். வரிசையை விட்டு விலகினால் நாளைக்குப் பாறையிலிருந்து கயிற்றில் இறங்க விடமாட்டேன் என்று பிரதாப் காலையில் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த வழியில் அதைச் சமாளித்திருக்கிறார்கள். இது வகுப்பறை அல்ல, இங்கே பெயருக்குப் பின்னால் ஒரு உடம்பு இருக்க வேண்டும் என்று எவளுக்கும் தோன்றவில்லை.

பிரதாப் டார்ச்சை எடுத்தார். "மேடம், அந்தப் பாதையில சாயங்காலம் காட்டெருமை இறங்கும்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். நான் வருகிறேன் என்றேன். "உங்க கால்..." என்றார். நடக்கத் தொடங்கிவிட்டேன். சங்கமித்ரா கூடவே வந்தாள். போ என்று சொன்னேன். போகவில்லை.

மஞ்சில் இரண்டு மரத்துக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. பிரதாப் "ஜெனிஷா!" என்று கூப்பிட்டார். நானும் கூப்பிட்டேன். என் குரல் வகுப்புக் குரலாகவே வந்தது. பதில் இல்லை. சர்ச் வளைவு தாண்டியதும் சங்கமித்ரா வாயில் கையைக் குவித்துக்கொண்டு கத்தினாள்.

"எட்டி ஜெனிஷா! எங்கட்டி நிக்க?"

அந்த நேரத்திலுமா என்று அவளை அறையத் தோன்றியது. ஆனால் அவள் கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

மஞ்சுக்குள்ளிருந்து, அடக்கிய குரலில் பதில் வந்தது.

"கத்தாதட்டி! மாடு நிக்கு!"

பிரதாப் இரண்டு கையையும் விரித்து எங்களை நிறுத்தினார். கண் பழகியதும் தெரிந்தது. பாதையின் நடுவில் சுவர் மாதிரி ஒரு கருமை. அதற்கு அந்தப் பக்கம், தோட்டத்துக் கல்கட்டின் மேல், முழங்காலைக் கட்டிக்கொண்டு ஜெனிஷா. எவ்வளவு நேரமாக அப்படி இருந்தாளோ. அசையவே இல்லை. நாங்களும் அசையவில்லை. மூச்சு விடும் சத்தம் பெரிதாகக் கேட்டது, அது மாட்டுடையதா எங்களுடையதா என்று தெரியவில்லை. பிறகு அந்தக் கருமை ஒரு தடவை தலையை உலுக்கிவிட்டு, காப்பிச் செடிகளை முறித்துக்கொண்டு சரிவில் இறங்கிப் போயிற்று.

ஜெனிஷா குதித்து ஓடி வந்தாள். நான்தான் முன்னால் நின்றிருந்தேன். கையையும் நீட்டியிருந்தேன் என்று நினைக்கிறேன். அவள் என்னைத் தாண்டிப் போய் சங்கமித்ராவின் மேல் விழுந்தாள். இருவரும் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள்.

"லூசு! நிமிஷத்துல வர்றேன்னுதான சொன்ன? செத்தே போயிட்டேன்டி!"

"நான் என்னட்டி செய்ய? மாட்டுகிட்ட வழி கேக்கவா முடியும்?"

ரிஸ்வானாவின் கண்ணாடி ஜெனிஷாவின் கைக்குட்டையில் சுற்றி இருந்தது. உடையவில்லை.

திரும்பி நடக்கையில் சங்கமித்ராவிடம் கேட்டேன். அவளுக்கு ப்ராக்ஸி கொடுக்க உனக்கு எப்படித் தோன்றியது?

"அவதான் மிஸ் சொன்னா. 'நீ எனக்க மாதிரி பேசுவல்லா, எனக்க நம்பரையும் நீயே சொல்லிரு'ன்னா. ஒரு வருஷத்துல அவ எங்கிட்ட கேட்ட மொத உதவி மிஸ். எப்பிடி மாட்டேங்கிறது?"

முழங்கால் மிகவும் வீங்கியிருக்கிறது.

ஜூலை 14, ஞாயிறு. மதுரை

காலையில் பிரதாப், மூன்று பேரின் பெற்றோருக்கும் போன் செய்து உடனே அழைத்துப் போகச் சொல்ல வேண்டும் என்றார். பொய் எண் சொன்னால் அதுதான் அவர்கள் விதியாம். விதி சரியானதுதான். ஜெனிஷாவின் அம்மாவுக்கு அப்படி ஒரு போன் போனால் நாளைக்கு டி.சி. உறுதி என்பதும் எனக்குத் தெரியும்.

"பேரன்ட்ஸ் மலை ஏறி வர்றதுக்குள்ள நாமே இறங்கிடுவோம். நாளைக்கு நானே நேர்ல சொல்றேன்" என்றேன். "இன்னிக்கு மூணு பேரும் கயித்துல இறங்கக் கூடாது. சமையல்கட்டுல வெங்காயம் உரிக்கட்டும்."

மற்றவர்கள் பாறைக்குப் போனார்கள். நான் சமையலறைக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். காலை நீட்டி வைக்க வேண்டியிருந்தது.

"உள்ளிக்கு இம்புட்டுக் கண்ணீரா? எங்க ஊருல சாவு வீட்டுலயே இவ்வளவு அழ மாட்டாவ" என்றாள் ஜெனிஷா.

"உள்ளியா? அது வெங்காயம்டி!"

"அப்பம் வெள்ளப்பூடுக்கு என்ன சொல்லுவிய?"

"பூண்டு."

"வெள்ளைய எங்க விட்டிய? உங்க ஊருல எல்லாத்துக்கும் பஞ்சம், பேருக்குமா பஞ்சம்?"

சிரிப்பு. சங்கமித்ரா அவளைப் போலப் பேச, ஜெனிஷா சங்கமித்ராவைப் போலப் பேசினாள். "அய்ய, போங்கடி, பெருசா வந்துட்டா!" அது நன்றாகவே இருந்தது. அவளுக்கு இது வருமென்று எனக்குத் தெரியாது. ஒரு வருடமாக தினமும் எதிரில் இருந்தவள்.

கொஞ்ச நேரம் கழித்து கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "மிஸ், தனியா இருக்கியளே. உள்ள வாங்களேன்."

"முட்டி வலிக்குது. நீ போ."

இரண்டு வினாடி நின்றாள். போய்விட்டாள்.

புறப்படும்போது பிரதாப் என் கையைக் குலுக்கினார். "ரிசல்ட் பாத்தீங்களா மேடம்? அஞ்சே நாள்!" என்றார். கண்ணாடி விழுந்ததோ, மாடு நின்றதோ அவர் நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று சொல்ல நினைத்தேன். களைத்திருந்தார், சொல்லவில்லை.

பேருந்தில் ஒரு இருக்கையில் மூன்று பேர் உட்காரக் கூடாது. உட்கார்ந்திருந்தார்கள். நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டேன். என் பக்கத்து இருக்கையில் என் பை இருந்தது.

வந்து துணிகளை வெந்நீரில் ஊற வைத்திருக்கிறேன். நாளைக்கு என்ன நடக்கும் என்று இப்போதே சொல்லிவிடலாம். பெண் போக மாட்டேன் என்பாள். ஆனால் மாட்டுக் கதையைக் கேட்டதும் அம்மா அழைத்துப் போய்விடுவார். எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள்.

ஜூலை 15, திங்கள்

நடந்தது இது.

ஜெனிஷாவின் அம்மா பத்து மணிக்கு வந்தார். தலைமையாசிரியை அறைக்குள் போகுமுன் வராந்தாவிலேயே நிறுத்தி, நடந்ததை நான் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை. சில நேரம் உங்கள் மகள் எங்கே என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை, அது எங்கள் தவறு என்றேன்.

"சொன்னா டீச்சர்" என்றார். "ராத்திரி வந்ததுல இருந்து மாட்டு கததான். சொல்லிச் சொல்லிச் சிரிக்கா. எனக்குக் கேக்கவே கைகாலு விறைச்சிற்று. நீ ஊருக்குப் போயிருட்டின்னேன். போக மாட்டேன்னுட்டா."

கையில் டி.சி. விண்ணப்பம் இருந்தது. அதை நான்காக மடித்தார். பிறகு எட்டாக.

"அப்ப நல்லதுதானே" என்றேன்.

"நல்லதுதான்." வெளியே மைதானத்தைப் பார்த்தார். "அவ போவான்னு நானும் கொஞ்சம் நெனச்சிட்டேன். அவ ஊருக்குப் போனா ஹாஸ்டல் எதுக்கு, நானும் கூடப் போயிரலாம்லா. அவ அப்பா டூட்டிக்குப் போனா ரெண்டு நாளு, மூணு நாளு. எதுத்த வீட்டுல யாரு இருக்கான்னு எனக்கு இன்னும் தெரியாது டீச்சர். பால்காரன்கிட்ட பேசுனா, என்ன சொல்லுதியன்னு ரெண்டாந்தரம் கேக்கான்."

மணி அடித்தது. பிள்ளைகள் வகுப்பு மாறிப் போனார்கள். அந்தக் கூட்டத்தில் ஜெனிஷாவும் போனாள், பேசிக்கொண்டே. எங்களைக் கவனிக்கவில்லை.

"ஒரு வருஷமா வீட்டுல ஒங்க பேரு மட்டுந்தான் கேட்டிருக்கேன்" என்றார் அவர். "ஒரு நாளு வீட்டுக்குச் சாப்பிட வாங்க டீச்சர்."

இப்படி எத்தனையோ பெற்றோர் கூப்பிட்டிருக்கிறார்கள். "கண்டிப்பா வர்றேன்" என்பேன். அவர்களும் தலையாட்டுவார்கள். அத்தோடு முடிந்துவிடும். இன்றும் அதைத்தான் சொன்னேன்.

"என்னைக்கு?" என்று கேட்டார்.

அடுத்த வகுப்புக்கு நேரமாகியிருந்தது. சனிக்கிழமை என்றேன்.